சதுரமுகியும் ஒரு துளி எண்ணெயும்

1981 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 13 ஆந் திகதி, ஜேர்மனி தேசத்து மியூனிச் நகரிலே ஒரு விநோதமான போட்டி நடைபெற்றது. ஆறு முகங்களும் ஆறு நிறங்களும் உடைய சிறு பெட்டி ஒன்றை நிறங் கலைத்துப் போட்டியாளர் கையிற் கொடுத்தனர். அதனை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர ஒவ்வொருவருக்கும் எத்துணை நேரஞ் செல்கின்றதெனக் கணித்தனர். 38 விநாடியில் அதனை முடித்த ஜூரி ஃபுரோஷ்ல் என்பவர் வெற்றியாளரானார். அப்போட்டி பற்றிய செய்திகளுள்ளே சிறியதொன்று சிந்திக்கத்தக்கது. போட்டிக்கெனக் கொடுக்கப்பட்ட பெட்டிகளுக்கு, வீடுகளிலே தோல் வெடிப்புக்குப் பூசும் வாசலின் போன்ற பெற்றோலியக் களிம்பு தடவப்பட்டிருந்தது.

இக்காலத்தில் அவ்விளையாட்டிலே தேர்ந்தவர் எவரும் தம் சதுரமுகிக்கு வாசலின் தடவார். தடவினால் அது கெடும் என்பதை அனுபவத்தால் அறிந்துள்ளனர். எனினும், அன்று மியூனிச்சிலே களிம்பு தடவியவர்கள் ஓர் உண்மையைக் கண்டுகொண்டவர்களே. விரைவு என்பது மூளையிலும் விரலிலும் மாத்திரம் இல்லை. கையிலுள்ள கருவியின் அகத்தேயும் இருக்கின்றது. அந்த அகத்தைப் பேணும் முறை யாது, அதன்கண் எண்ணெயின் பங்கு எத்தகையது என்பவற்றை இங்கு ஒருவாறு ஆராயலாம்.

'ரூபிக்ஸ் கியூப்' எனச் சிறுவர் வழங்கும் இச்சதுரமுகியை 1974 ஆம் ஆண்டில் ஆக்கியவர் எர்னோ ரூபிக் என்னும் ஹங்கேரியர். புடாபெஸ்ட் நகரத்துக் கலைக்கல்லூரி ஒன்றிலே அவர் அப்போது ஆசிரியராயிருந்தார். முதலில் மரத்தால் ஆக்கப்பட்ட அப்பொருள், 1977 இல் ஹங்கேரியிலே 'மாயச் சதுரமுகி' என்னும் பொருள்படும் பெயருடன் விற்பனைக்கு வந்தது. 1980 இல் 'ரூபிக்ஸ் கியூப்' என்ற பெயருடன் பிற நாடுகளுக்கும் பரவிற்று. அது கொள்ளக்கூடிய நிலைகளின் தொகை 43,252,003,274,489,856,000 ஆகும். அத்தனை நிலைகளுள் எதிலிருந்தும் 20 திருப்பங்களுக்கு மேற்படாமல் ஒழுங்கான நிலையை அடையலாம் என்பது 2010 ஆம் ஆண்டிலே கணினிகளின் துணைகொண்டு நிறுவப்பட்டது. ஆயினும் மனிதர் அத்தகைய மிகச் சுருங்கிய வழியைக் கணப்பொழுதிற் காண்பது அரிது. தேர்ந்த போட்டியாளரும் பெரும்பாலும் ஐம்பது அறுபது திருப்பங்களைச் செய்தே முடிக்கின்றனர். அத்துணைத் திருப்பங்களையும் ஐந்தாறு விநாடிகளுக்குள் அடக்கவேண்டுமாயின் விநாடி ஒன்றுக்குப் பத்துத் திருப்பங்கள் வேண்டும். கருவி ஒருமுறை தடைப்பட்டாலும் அந்தக் கணக்குத் தவறிவிடும்.

சதுரமுகியின் அகத்தை அறியாமல் அதற்கு எண்ணெய் இடுவது, நோயறியாமல் மருந்து கொடுப்பதை ஒக்கும். வெளித்தோற்றத்தில் அது 27 சிறு கட்டைகளை ஒட்டிவைத்ததுபோற் காணப்படும். உண்மையில் வெளியே தெரிவன 26 துண்டுகளே. அவற்றுள் 6 நடுத்துண்டுகள், 12 விளிம்புத்துண்டுகள், 8 மூலைத்துண்டுகள். இருபத்தேழாவது கட்டை இருக்கவேண்டிய இடத்திலே ஆறு கைகளுடைய நடுவச்சு ஒன்று அமைந்திருக்கின்றது. ஒவ்வொரு கையிலும் ஒரு நடுத்துண்டு திருகாணியினாலும் அதனைச் சூழ்ந்த சுருள்வில்லினாலும் பிணைக்கப்பட்டுள்ளது. விளிம்புத்துண்டுகளும் மூலைத்துண்டுகளும் எதனோடும் பிணைக்கப்படவில்லை. அவற்றின் அடியிலுள்ள கால்கள் ஒன்றின்கீழ் ஒன்றாகப் புகுந்து, நடுத்துண்டுகளின் அணைப்பினால் விழாது நிற்கின்றன. கல்லோடு கல் தாங்கி நிற்கும் வளைவு வாயிலை இதற்கு உவமை கூறலாம்.

ஆகவே, சதுரமுகியைத் திருப்பும்போது உராய்வு ஈரிடங்களில் உண்டாகின்றது. ஒன்று, நடுத்துண்டும் சுருள்வில்லும் திருகாணியும் நடுவச்சின் கையோடு உரசும் இடம். மற்றையது, துண்டோடு துண்டு வழுக்கிச் செல்லும் பரப்பு. இவ்விரண்டும் வேறுவேறு இயல்பின என்பதை மனத்திற் கொள்ளல் வேண்டும். முன்னையதிலே சிறிய பரப்பின்மீது வில்லின் அழுத்தம் இடைவிடாது தாக்குகின்றது. பின்னையதிலே பரப்புப் பெரிது, அழுத்தஞ் சிறிது, ஆனால் வேகம் மிகுதி.

உராய்வு முற்றாக ஒழிந்துவிட்டால் நன்றன்றோ எனச் சிலர் எண்ணக்கூடும். அங்கேதான் தவறு நேர்கின்றது. ஒரு முகத்தை வேகமாகத் திருப்பும் விரல், அதனைக் கால்வட்டத்திலே சரியாக நிறுத்தவும் வேண்டும். உராய்வு அறவே இல்லையாயின் அம்முகம் நிற்கவேண்டிய இடத்தைக் கடந்தோடும். அடுத்த முகம் திரும்புதற்கு வழியின்றி முட்டி நிற்கும். விரலோ அதற்குள் மூன்றாவது திருப்பத்தைத் தொடங்கியிருக்கும். மாறாக, உராய்வு மிகுந்தால் விரல் களைத்துப்போகும். முகம் தொடக்கத்திலே பற்றிக்கொண்டு, பின்னர் திடீரென வழுக்கிச் செல்லும். ஓடவும் வேண்டும், நிற்கவும் வேண்டும். இவ்விரு தேவைகளுக்கும் இடையே ஒவ்வொரு கைக்கும் பொருந்திய அளவைக் காண்பதே சதுரமுகியைப் பேணும் கலை எனலாம். எண்ணெய் அதற்குரிய கருவிகளுள் ஒன்று மாத்திரமே.

இனி, எவ்வெண்ணெய் ஆகாது என்பதை முதலிற் கூறுதல் நலம். ஏனெனில், சதுரமுகி இறுகியதும் சிறுவர் கை நாடுவது அடுப்படியிலோ தையல் இயந்திரத்தருகிலோ உள்ள போத்தலையே. இன்றைய சதுரமுகிகளிற் பெரும்பாலானவை ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்டிக்கினால் ஆனவை. மண்ணெண்ணெய், துருநீக்கித் தெளிப்பான்கள், இயந்திர எண்ணெய்கள் ஆகியவை பெற்றோலியத்தின் வழிவந்தவை. அவற்றிலுள்ள சில பொருள்கள் இவ்வகைப் பிளாஸ்டிக்கினுள் ஊறி அதனை மென்மையாக்குவதும், இழுவிசைக்கு உட்பட்ட இடங்களில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்குவதும் உண்டு. திருகாணியின் இறுக்கம் தாக்கும் இடமே முதலில் வெடிக்கும் இடமாகும். எண்ணெய் இட்ட அன்று சதுரமுகி நீரோடைபோல் ஓடும். சில கிழமைகளின் பின்னரே கேடு வெளிப்படும். அதனால் எண்ணெயின் மேற் குற்றஞ் சாட்டுவார் இல்லை. பொருள் மட்டமானது என்று கூறி, பெற்றோர் மீண்டும் பணங் கொடுத்து இன்னொன்று வாங்குவர்.

தேங்காயெண்ணெய் பிளாஸ்டிக்கை அத்துணை விரைவிற் கெடுப்பதில்லை. ஆனால் அதற்கு வேறு குறைகள் உள. ஏறக்குறைய 24 பாகை செல்சியசுக்குக் கீழே அது உறைந்துவிடும். யாழ்ப்பாணத்து நண்பகலில் ஓடுகின்ற சதுரமுகி நுவரெலியாவின் காலைப்பொழுதில் அசைய மறுக்கும். மேலும், தாவர எண்ணெய்கள் காற்றுப்பட்டு நாளடைவிற் கெட்டுப் பிசுபிசுக்கும் இயல்பின. அப்பிசுக்கு, தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வாசலினுக்கும் இக்குறை உண்டு. தடித்த களிம்பாகிய அது துண்டுகளின் இடுக்கிலே தேங்கி, துகள்களோடு கலந்து சேறுபோலாகிவிடுகின்றது.

இவற்றுக்கு மாறாக, சிலிக்கோன் எண்ணெய் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கோடு இணக்கமாக இருக்கின்றது. அதிலே ஊறுவதில்லை, எளிதிற் காய்வதில்லை, காற்றுப்பட்டுக் கெடுவதுமில்லை. வெப்பமும் குளிரும் மாறினாலும் அதன் பிசுக்குமை ஏனைய எண்ணெய்களைப் போல் மிகுதியாக மாறுவதில்லை. பிசுக்குமை என்பது ஒரு திரவம் ஓடுவதற்குக் காட்டும் தயக்கம். நீர் எளிதில் ஓடும். தேன் தயங்கித் தயங்கி வழியும். இதனைச் சென்டிஸ்டோக் என்னும் அலகினால் அளப்பர். அறை வெப்பநிலையில் நீரின் பிசுக்குமை ஏறக்குறைய 1 சென்டிஸ்டோக். சதுரமுகிக்கு இடும் சிலிக்கோன் எண்ணெய்கள் மிக மெல்லியன தொடங்கிப் பல்லாயிரம் சென்டிஸ்டோக் வரை பலதரத்தின. தூரத்திலிருந்து இயக்கும் விளையாட்டு மோட்டார் வண்டிகளின் பற்சக்கரங்களுக்கெனச் செய்யப்பட்ட 30,000, 50,000 என்னும் இலக்கமிட்ட எண்ணெய்களைச் சதுரமுகி விளையாட்டினர் தமக்கு உரியனவாக்கிக்கொண்டது இதனாலேயே.

தடித்த எண்ணெயின் இயல்பிலே ஒரு நுட்பம் உண்டு. வறண்ட பரப்புகளின் உராய்வு, வேகம் கூடினாலும் பெரிதும் கூடுவதில்லை. எண்ணெய்ப் படலத்தின் தடையோ வேகத்தோடு சேர்ந்து கூடும். ஆதலால் தடித்த எண்ணெய் மெல்லத் திருப்புவோனுக்கு அதிகந் தெரியாது. விரைந்து திருப்புவோனை மிதமாகத் தடுக்கும். கட்டுக்கடங்காமல் ஓடும் சதுரமுகிக்குத் தடித்த எண்ணெயும், சோர்ந்து நகரும் சதுரமுகிக்கு மெல்லிய எண்ணெயும் இடுதல் இவ்விதிபற்றியே. நீரை அடிப்படையாகக் கொண்ட உராய்வுநீக்கிகளும் இக்காலத்தில் விற்பனைக்கு வருகின்றன. அவை இட்டவுடன் மிகுந்த வேகந் தருவன. ஆனால் நீர் ஆவியாகிப் போவதால் சில நாட்களில் அவ்வேகம் குறைந்துவிடும். சிலிக்கோன் எண்ணெயின் பயன் கிழமைக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் நிற்கும். போட்டிக்கு முன்தினம் முன்னையதும், நாளாந்தப் பயிற்சிக்குப் பின்னையதும் ஏற்றன எனக் கொள்வாருண்டு.

எண்ணெய்ப் போத்தலைத் திறக்குமுன் செய்யவேண்டியவை இரண்டு. முதலாவது, துப்புரவு. புதிய சதுரமுகியாயின், முதலிற் சில நூறு முறை திருப்பி அதன் பரப்புகள் ஒன்றோடொன்று பழக விடவேண்டும். நாட்பட்டதாயின், பிளாஸ்டிக் தேய்ந்த துகளும் விரல் வியர்வையும் தூசியும் பழைய எண்ணெயோடு கலந்து உள்ளே கரியதொரு படிவாய் இருக்கும். அதன்மேற் புதிய எண்ணெய் இடுவது, கழுவாத பாத்திரத்திற் பால் காய்ச்சுவதுபோலாம்.

துப்புரவு செய்யச் சதுரமுகியைக் கழற்றவேண்டும். மேல்முகத்தை அரைவாசித் தூரம், அதாவது 45 பாகை, திருப்பி வைத்துக்கொண்டு, அம்முகத்து விளிம்புத்துண்டு ஒன்றைப் பெருவிரலால் மெல்ல நெம்பினால் அது வெளிவரும். அதன்பின் ஏனையவை எளிதில் வரும். ஒவ்வொன்றையும் உலர்ந்த மெல்லிய துணியால் துடைப்பதே போதுமானது. படிவு மிகுந்தால் இளஞ்சூடான சவர்க்கார நீரிற் கழுவி, நிழலில் முற்றாக உலர்த்தலாம். ஆனால் நடுவச்சினை நீரில் இடலாகாது; திருகாணியும் வில்லும் துருப்பிடிக்கும். இக்காலச் சதுரமுகிகள் பலவற்றின் விளிம்புத்துண்டுகளிலும் மூலைத்துண்டுகளிலும், முகங்கள் சரியான இடத்தில் வந்தமருமாறு இழுத்துக்கொள்ளச் சிறு காந்தங்கள் பதிக்கப்பட்டுள்ளன. அத்தகைய துண்டுகளையும் நீரிற் போடாது துடைத்தெடுப்பதே தக்கது.

மீண்டும் பூட்டும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். துண்டுகளைக் கைபோன போக்கிற் செருகிவிட்டுப் பின்னர் திருப்பித் திருப்பி ஒழுங்காக்கலாமென எண்ணலாகாது. அவ்வாறு செருகினால் ஒழுங்குநிலையை அடையக்கூடிய வாய்ப்புப் பன்னிரண்டில் ஒன்றே. ஒரு விளிம்புத்துண்டு புரண்டிருந்தாலும், ஒரு மூலைத்துண்டு முறுகியிருந்தாலும், இரு துண்டுகள் மாத்திரம் இடம் மாறியிருந்தாலும், எத்துணைத் திருப்பங்களாலும் அதனைச் சீராக்க முடியாது. ஆகவே நிறங்களைப் பார்த்து, ஒழுங்கான நிலையிலேயே பூட்டி முடிக்கவேண்டும்.

இரண்டாவது, இறுக்கத்தைச் சரிசெய்தல். நடுத்துண்டுகளின் மேல்மூடியைக் கழற்றினால் திருகாணியின் தலை தெரியும். அதனை இறுக்கினால் வில் அமுங்கி, துண்டுகள் நெருங்கும். தளர்த்தினால் அவை விலகும். மிக இறுகிய சதுரமுகி, ஒரு முகம் சற்றுக் கோணியிருக்கும்போது மறுமுகத்தைத் திரும்ப விடாது. மிகத் தளர்ந்தது, வேகத்திலே துண்டுகளை வெளியே தெறிக்க விடும். அன்றேல் மூலைத்துண்டு தானாகவே முறுகிக்கொள்ளும். ஆறு திருகாணிகளும் ஒரே அளவினவாய் இருத்தல் இன்றியமையாதது. ஒருமுறைக்குக் கால்வட்டத்துக்கு மேல் திருகாமல், ஒவ்வொரு முறையும் ஆறினையும் சமமாகத் திருகிச் சோதிக்கவேண்டும். எதிரெதிரான முகங்களை விரல்களால் மெல்ல இழுத்துப் பார்த்தால் எப்பக்கம் அதிகம் விலகுகின்றது என்பது தெரியவரும். மலிவான சில சதுரமுகிகளில் திருகாணிக்குப் பதிலாகத் தறையாணி அறையப்பட்டிருக்கும். அவற்றின் இறுக்கத்தை மாற்ற இயலாது. வாங்கும்போதே இதனைக் கவனித்தல் நன்று.

இறுக்கத்தாற் பிறந்த குறையை எண்ணெயால் தீர்க்க முயல்வதே பலர் செய்யும் பிழை. முட்டி நிற்கும் சதுரமுகிக்கு மேலும் மேலும் எண்ணெய் ஊற்றுவர். அது வழுக்குமேயன்றி முட்டுவது ஒழியாது. துப்புரவு, இறுக்கம், எண்ணெய் என்ற வரிசையை மாற்றாமற் பின்பற்றினால், எக்குறை எதனால் வந்தது என்பதும் விளங்கும்.

இறுதியாக எண்ணெய். நடுவச்சுக்குத் தடித்த சிலிக்கோன் எண்ணெய் பொருந்தும். ஒவ்வொரு திருகாணியிலும் வில்லிலும் குண்டூசித் தலையளவு இட்டு, அந்தந்த முகத்தைப் பலமுறை சுழற்றிப் பரவச் செய்யவேண்டும். வில்கள் எழுப்பும் கிறீச்சென்ற ஓசையும் இதனால் அடங்கும். துண்டுகளுக்கு அதனிலும் மெல்லிய எண்ணெய் ஏற்றது. ஒரு விளிம்புத்துண்டை வெளியே எடுத்து, அதன் உட்பரப்பில் ஒரு துளி இட்டு, மீண்டும் செருகி, ஐந்து நிமிடம் வரை எல்லா முகங்களையும் திருப்பினால் அத்துளி துண்டுக்குத் துண்டு கைமாறி எங்கும் பரவும். அதன்பின் குறை தெரிந்தால் மாத்திரமே இரண்டாவது துளி. மூன்று துளிகளுக்கு மேல் வேண்டியதில்லை. எண்ணெய் மிகுந்தால் துண்டுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு மந்தமாய் நகரும். அப்போது மீண்டும் கழற்றித் துடைப்பதைத் தவிர வேறு வழியில்லை. தெளிப்பானில் அடைத்த சிலிக்கோனைப் பயன்படுத்துவோர், அதனோடு கலந்துள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கைப் பாதிக்காததா எனப் பார்த்தே வாங்கவேண்டும். தெளித்தபின் அது ஆவியாகிப் போகும்வரை பூட்டாது வைக்கவும் வேண்டும்.

இவ்வளவு நுணுக்கம் ஒரு விளையாட்டுப் பொருளுக்கு எதற்கு என்று கேட்கலாம். 2004 இல் நிறுவப்பட்ட உலகச் சதுரமுகிச் சங்கத்தின் போட்டி விதிகளை நோக்கினால் விடை கிடைக்கும். போட்டியாளர் தத்தம் சதுரமுகியையே கொண்டுவருகின்றனர். பார்த்துச் சிந்திக்க 15 விநாடிக்கு மேற்படாத அவகாசமுண்டு. முடித்து வைக்கும்போது ஒரு முகம் 45 பாகைக்கு மேற் கோணியிருந்தால் 2 விநாடி தண்டமாகச் சேர்க்கப்படும். இடையிலே ஒரு துண்டு தெறித்து விழுந்தால், அதனைப் பொறுக்கிப் பூட்டித் தொடரலாம். ஆனால் கடிகாரம் நிற்காது. வழக்கமான போட்டிகளில் ஐந்து முறை முயலவேண்டும். அவற்றுள் மிகச் சிறந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் நீக்கி, எஞ்சிய மூன்றின் சராசரியைக் கொள்வர். எனவே, சதுரமுகி ஒருமுறை சதிசெய்தால் விதி மன்னிக்கும். இருமுறை சதிசெய்தால் மன்னிக்காது. ஆறு மாதம் பயின்ற மாணாக்கன் ஒருவனின் உழைப்பு, துடைக்காத ஒரு துண்டினால் வீணாவதற்கு இடமுண்டு.

1982 ஆம் ஆண்டு ஜூன் மாதம் புடாபெஸ்டில் நடந்த முதலாவது உலகப் போட்டியில் மின் தாய் என்னும் இளைஞர் 22.95 விநாடியில் வென்றார். 2023 ஆம் ஆண்டு ஜூன் மாதம் கலிபோர்னியாவில் மாக்ஸ் பார்க் 3.13 விநாடியில் முடித்தார். இவ்விரு காலங்களுக்கும் இடையே முறைகள் திருந்தின, பயிற்சி பெருகியது, மின் தாயின் காலத்துச் சதுரமுகி முகம் சற்றே கோணினும் முட்டி நின்றது, இன்றையதோ ஏறத்தாழ அரைத்திருப்பம் கோணினும் வழிவிடுகின்றது. அம்முன்னேற்றம் முழுவதும் எண்ணெயின் செயலென்று கூறுவார் எவருமிலர். ஆயினும், நன்றாக ஆக்கப்பட்ட கருவியும் பேணப்படாவிடின் சில மாதங்களில் மட்டமானதற்கு நிகராகிவிடும். சாதாரண விலைக்கு வாங்கியதும் முறையாகப் பேணப்படின் நெடுங்காலம் கைகொடுக்கும்.

பிள்ளைக்குச் சதுரமுகி வாங்கிக்கொடுக்கும் பெற்றோர், அதனோடு ஒரு சிறு திருகாணி திருப்பியும் ஒரு துண்டு மெல்லிய துணியும் ஒரு சிறு போத்தல் சிலிக்கோன் எண்ணெயும் வாங்கிக்கொடுப்பாராக. வெயில்படும் யன்னலோரத்திலும் தூசிபடும் நிலத்திலும் வையாது, சிறு பையில் இட்டு வைக்கப் பழக்குவாராக. மாதம் ஒருமுறை அதனைக் கழற்றித் துடைத்து, ஆறு திருகாணிகளையும் ஒப்புநோக்கி, ஒரு துளி இட்டுப் பூட்டும் பிள்ளை, போட்டியில் வெல்லாவிடினும் பொறியொன்றின் அகத்தைக் கண்டறிந்தவனாவான். உராய்வு, பிசுக்குமை, வில்லின் விசை என்று பாடப்புத்தகத்திற் படிப்பவற்றை அவன் தன் விரல்நுனியாலேயே அறிந்திருப்பான்.